ஆலும் வேலும்: பற்குச்சியின் பயனும் பக்குவமும்

வைகறையில் வயலுக்குப் புறப்படும் உழவர், வழியிலுள்ள வேப்பமரத்தில் ஒரு குச்சியை ஒடித்து வாயில் இட்டுக்கொள்வதைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களில் இன்றும் காணலாம். ஆயின், அவ்வாறு ஒடிப்போர் பெரும்பாலும் முதியவராகவே இருப்பர். இளையோர் பிரஷுக்கும் பற்பசைக்கும் மாறிவிட்டனர். அம்மாற்றத்தில் குறைகூற ஒன்றுமில்லை. கவலைக்குரியவர் வேறொரு சாரார். குச்சியைப் பழமை என்று கைவிட்டு, பற்பசையை நாள்தோறும் வாங்கவும் இயலாமல், செங்கற்பொடி, அடுப்புக்கரி, சாம்பல், புகையிலைத் தூள் என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு பல் தேய்ப்போர் ஊருக்கு ஊர் உள்ளனர். குச்சியையே பயன்படுத்துவோரிலும் எந்த மரத்துக் குச்சி, எவ்வாறு துலக்குவது என்பதை அறியாதார் பலர். இவ்விரு திறத்தாரையும் கருதியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-ஆம் ஆண்டில் பெரம்பலூரும், பின்னர் 2007-இல் அரியலூரும் தனி மாவட்டங்களாயின. மேற்கே பச்சைமலை, தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு. இடைப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி மழையை நம்பியது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல் ஒருபுறம். சிமெண்ட் ஆலைகளுக்கு உணவாகும் சுண்ணாம்புக்கல் படுகை மறுபுறம். இத்தகைய வறள்நிலத்தில் தண்ணீர் ஊற்றாமலே தழைப்பவை வேம்பும் வேலமும் ஆலும் புங்கும் ஆகும். பல் துலக்குவதற்கு நம் முன்னோர் தேர்ந்தெடுத்தவையும் இவையே. எளிதிற் கிடைப்பது மட்டும் அதற்குக் காரணமன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

எந்த வேல்?

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்னும் பழமொழியை அறியாதார் இலர். நாலடியாரையும் திருக்குறளையும் சொல்லுக்கு உறுதியாகக் காட்டும் அதன் பிற்பாதியையும் பள்ளிச் சிறுவர் சொல்லுவர். ஆனால் அதில் வரும் ‘வேல்’ எது என்று கேட்டால் பலர் வேப்பமரம் என்பர். வேறு சிலர் ஏரிக்குள் மண்டிக் கிடக்கும் முட்புதரைக் காட்டுவர். இரண்டும் பிழை. பழமொழி குறிப்பது வேலமரத்தை, அஃதாவது கருவேலத்தை. வேம்பு பல்லுக்கு நல்லதே. ஆயினும் அம்மொழியில் அதற்கு இடமில்லை.

கருவேலத்தையும் சீமைக்கருவேலத்தையும் பெயரொற்றுமையால் ஒன்றெனக் கொள்வது பெருந்தவறு. கருவேலம் நெடுங்காலமாக இம்மண்ணில் வளர்வது. அடிமரம் ஒன்றாக ஓங்கி நிற்கும். பட்டை கறுத்து வெடித்திருக்கும். பூ மஞ்சள் நிறத்தில் சிறு உருண்டையாக இருக்கும். காய், மணிகளைக் கோத்த மாலைபோல் விதைக்கு விதை ஒடுங்கிக் காணப்படும். சீமைக்கருவேலமோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இந்தியாவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகுந்து, பின்னர் வேலிக்கும் விறகுக்கும் என்று பரப்பப்பட்டது. அடியிலேயே பல கிளைகளாகப் பிரிந்து புதராக மண்டும். பூ, விரல் நீளத்தில் கதிர்போல் தொங்கும். காய் ஒடுக்கமின்றி நீண்டிருக்கும். முள் தைத்தால் வீங்கிப் பழுப்பதைக் காட்டில் வேலை செய்வோர் நன்கு அறிவர். இதன் குச்சியைப் பல்லுக்குப் பயன்படுத்தும் மரபு நம்மிடையே இல்லை. நலமோ தீங்கோ தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த அனுபவம் இல்லாத ஒன்றை வாயில் இடாதிருப்பதே அறிவுடைமை.

வெள்ளிய பட்டையும் வெளிர்மஞ்சள் பூங்கொத்தும் உடைய வெள்வேலமும் வேலினத்தைச் சேர்ந்ததே. கருவேலம் கிடைக்காத மேட்டுப்பாங்கான ஊர்களில் அதன் குச்சியையும் சிலர் கொள்வர்.

முன்னோர் வகுத்த முறை

பற்குச்சி தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பாபிலோனிய நாட்டிலும் எகிப்திலும் கிரேக்கத்திலும் அது வழங்கியது. அரேபியர் ‘மிஸ்வாக்’ என்று போற்றுவது உகாய் மரத்தின் வேரும் குச்சியும் ஆகும். உகாய் என்னும் பெயர் நம் சங்க நூல்களிலேயே வருகிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் இலப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வாழும் முஸ்லிம் பெருமக்களுக்கு மிஸ்வாக்கை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தொழுகைக்கு முன் வாயைத் தூய்மை செய்வதற்கு அதனைப் பயன்படுத்துவது அவர்களது நெடுநாள் வழக்கம்.

வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதை பற்குச்சிக்குப் பன்னிரண்டு விரற்கடை நீளமும் சுண்டுவிரற் பருமனும் விதிக்கிறது. முடிச்சும் பொத்தலும் இல்லாத புதிய குச்சியாக இருத்தல் வேண்டும் என்கிறது. கசப்புச் சுவையில் வேம்பும், துவர்ப்பில் கருங்காலியும், இனிப்பில் இலுப்பையும், கார்ப்பில் புங்கும் சிறந்தவை என்பது அந்நூலின் கருத்து. கருங்காலி வேலத்துக்கு நெருங்கிய உறவினது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். வாய்ப்புண், தொண்டைநோய், இருமல், வாந்தி உடையோர் குச்சி கொண்டு துலக்கலாகாது என்றும் அது தடுக்கிறது.

கி.பி. 671-இல் சீனத்திலிருந்து புறப்பட்டு இந்தியாவுக்கு வந்து 695-இல் நாடு திரும்பிய இத்சிங் என்னும் பௌத்தத் துறவி, இந்நாட்டுத் துறவிகள் காலைதோறும் பற்குச்சி மெல்லும் முறையைத் தம் குறிப்பில் விரிவாக எழுதியுள்ளார். நீளம் பன்னிரண்டு விரற்கடை. குறைந்த அளவு எட்டு. ஒரு முனையை நன்றாக மென்று துலக்கியபின் குச்சியைப் பிளந்து வளைத்து நாக்கை வழிக்க வேண்டும். இவ்வளவும் நம் பாட்டனார் செய்ததே அன்றோ? இதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. சீனர் இதனை ‘வில்லோ மரக்குச்சி’ என்று தவறாக வழங்கினராம். இந்தியாவில் அம்மரம் அரிது என்று சொல்லி இத்சிங் அவர்களைத் திருத்துகிறார். மரத்தின் பெயரை மாற்றிச் சொல்லும் குழப்பம் அன்றே இருந்ததென்றால் நம் வேலுக்கு நேர்ந்தது வியப்பன்று.

பன்றிமயிர் பதித்த பிரஷ் 15-ஆம் நூற்றாண்டளவில் சீனத்தில் தோன்றிற்று. இன்று நாம் காணும் நைலான் இழை பிரஷ் 1938-இல்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு உலக மக்களில் மிகப் பலரின் பல்லைக் காத்தது குச்சியும் விரலுமே. உலக சுகாதார நிறுவனம் 1986-இல், மிஸ்வாக் வழக்கத்தில் உள்ள நாடுகளில் அதனை ஊக்குவிக்கலாம் என்று கூறிற்று. 2000-ஆம் ஆண்டின் பன்னாட்டு வல்லுநர் அறிக்கையோ அதன் பயனைப் பற்றி மேலும் ஆராய்ச்சி வேண்டும் என்றது. ஆதரவும் எச்சரிக்கையும் சேர்ந்த இந்நிலையே நமக்கும் ஏற்றது.

பல் கெடுவதும் குச்சி காப்பதும்

நாம் உண்ட சோற்றிலும் இனிப்பிலும் ஒட்டிக்கொண்ட மிச்சம் பல்லிடுக்கில் தங்குகிறது. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் பல்லின்மேல் மெல்லிய பிசுக்குப் படலமாகப் படிகின்றன. சர்க்கரையை இவை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் மிகக் கடினமானதாயினும் அமிலத்தில் மெல்ல மெல்லக் கரையும். சொத்தை விழுவது இவ்வாறே. ‘புழு அரித்தது’ என்று நாட்டுப்புறத்தில் சொல்லுவது இதனைத்தான். உண்மையில் புழு ஏதுமில்லை. அப்படலத்தை அகற்றாது விட்டால் அது கெட்டித்துக் காரையாகிறது. காரை ஈறைப் புண்ணாக்குகிறது. ஈறு தளர்ந்தால் சொத்தையில்லாத நல்ல பல்லும் ஆடி விழுகிறது. உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேருக்கு வாய்நோய்களுள் ஏதேனும் ஒன்று உண்டென்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

குச்சி இதனை மூவகையில் தடுக்கிறது. மென்ற முனையின் நார்கள் படலத்தைத் தேய்த்து அகற்றுகின்றன. முதன்மையான பயன் இதுவே. மெல்லும்போது உமிழ்நீர் பெருகி அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது. மூன்றாவது, குச்சியின் சாறு. வேலம்பட்டையிலும் ஆலம்விழுதிலும் உள்ள துவர்ப்புப் பொருள் ஈறை இறுகச் செய்யும்; தோல் பதனிடுவோர் கருவேலம்பட்டையைப் பயன்படுத்துவதும் இத்துவர்ப்புக்காகவே. வேம்பின் கசப்புச் சாறு வாய் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டுள்ளது. ஆனால் கசப்பாக இருப்பதாலேயே வேப்பங்குச்சியை இரண்டு நிமிடம் கடித்துத் துப்பிவிட்டால் போதும் என்று கருதுவது தவறு. சாறு துணை, தேய்ப்பதே தொழில்.

துலக்கும் பக்குவம்

சுண்டுவிரற் பருமனும் ஒரு சாண் நீளமும் உள்ள பச்சைக் குச்சியைத் தெரிந்தெடுக்க வேண்டும். காய்ந்த குச்சி பிளந்து ஈறைக் குத்தும். மிக இளந்தளிரோ நாராகாமல் கூழாகும். கருவேலங்குச்சியானால் முள்ளை அடியோடு நீக்கிவிட வேண்டும். ஆலில் கிளையைவிட, இன்னும் நிலத்தைத் தொடாத விழுதின் இளநுனி ஏற்றது. அதன் நார் மென்மையானது. ஈறு நைந்த முதியோர்க்கும் பொருந்தும்.

குச்சியை முதலில் நீரில் கழுவி, ஒரு முனையில் அரை அங்குலம் அளவுக்குப் பட்டையைச் சீவி, கடைவாய்ப் பல்லால் மெதுவாக மெல்லுக. நார்கள் பிரிந்து சிறு தூரிகை போலாகும். அவசரப்பட்டு முன்பல்லால் நறுக்கென்று கடிப்பவர்க்கு முனை தடித்து நிற்கும். அத்தடித்த முனையே ஈறைக் கிழிப்பது. முனை பதமான பிறகு ஈற்றோரத்திலிருந்து பல்லின் நுனியை நோக்கித் துலக்க வேண்டும். மேல்வரிசைக்குக் கீழ்நோக்கியும், கீழ்வரிசைக்கு மேல்நோக்கியும் குச்சி செல்லட்டும். ரம்பம் அறுப்பது போல் குறுக்கே இழுப்போர்க்கு நாளடைவில் ஈறு மேலேறிப் பல்லின் வேர் வெளித்தெரியும்; குளிர்ந்த நீர் பட்டாற் கூசும்.

பிரஷில் இழைகள் பிடிக்குக் குறுக்காக நிற்கின்றன. குச்சியிலோ நார்கள் குச்சியின் நீளப் போக்கிலேயே உள்ளன. ஆதலால் முன்பற்களின் வெளிப்புறம் குச்சிக்கு எளிதில் அகப்படும். கடைவாய்ப் பற்களின் உட்புறமோ அகப்படாது. குச்சி கொண்டு துலக்குவோரின் முன்வரிசை பளிச்சென்றிருக்க, உள்ளே காரை படிந்திருப்பதற்குக் காரணம் இதுவே. முனையைச் சற்றே வளைத்துக்கொண்டு, வாயை நன்கு திறந்து, நாக்கை ஒட்டிய பக்கத்தையும் வரிசை தவறாமல் துலக்குவோர்க்கு இக்குறை பெரிதும் நீங்கும். பின்னர்க் குச்சியைப் பிளந்து நாக்கை வழித்து, நீரால் பன்முறை கொப்பளிக்க வேண்டும். மறுநாளைக்கு என்று குச்சியைக் கூரையில் செருகுவோர் பயன்படுத்திய முனையை நறுக்கிவிட்டுப் புது முனையை மெல்லலாம். நாளுக்கொரு புதுக்குச்சியே மேலானது. ஒருவர் குச்சியை மற்றொருவர் தொடலாகாது.

குச்சியை வாயில் இட்டபடியே சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்லும் பழக்கம் நம்மவரிடம் மிகுதி. தடுமாறி விழுந்தால் குச்சி மேல்வாயைத் துளைத்துவிடும். ஓரிடத்தில் உட்கார்ந்து துலக்குவதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்க இயலாத அளவுக்கு வேலை எவர்க்கும் இருப்பதாகத் தோன்றவில்லை. குடிநீர்க் குழாயடியிலும் கிணற்று மேடையிலும் துப்புவதும் விலக்கத்தக்கது.

விலக்க வேண்டியவை

முன்னோர் நூலில் இருப்பதாலேயே எல்லாவற்றையும் கொள்ளலாகாது. சரக சம்ஹிதை பற்குச்சிக்கு உரியனவாகப் புங்கு, மருது முதலியவற்றோடு அரளியையும் எருக்கையும் சேர்த்துரைக்கிறது. அரளியின் எல்லா உறுப்பும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது. எருக்கம்பால் வாயையும் கண்ணையும் புண்ணாக்கும். இவ்விரண்டையும் வாயருகே கொண்டு செல்லக் கூடாது. பல்வலிக்குக் காட்டாமணக்குக் குச்சியைக் கடிக்கச் சொல்லும் வழக்கமும் சில ஊர்களில் உண்டு. நச்சுத்தன்மையுள்ள செடியாதலால் அதனையும் தவிர்ப்பதே நன்று. பெயர் தெரியாத செடியின் குச்சி எதுவும் வேண்டா.

மரம் நல்லதாயினும் அது நிற்கும் இடமும் நல்லதாக இருத்தல் வேண்டும். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் பூச்சிமருந்து தெளிக்கும் பருவத்தில் வரப்போரத்து வேம்பின் இலையிலும் பட்டையிலும் அம்மருந்து படியும். கழுவினாலும் முழுவதும் போகாது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ப் பகுதிச் சாலைகளின் இருமருங்கிலும் மரங்கள் வெள்ளைப் புழுதி போர்த்து நிற்கின்றன. அங்கும் ஒடித்தல் ஆகாது. வீட்டுக் கொல்லையிலோ கோயில் தோப்பிலோ ஒரு மரம் இதற்கென இருப்பின் இக்கவலை இல்லை. கரைவெட்டிப் பறவைகள் சரணாலய ஏரிக்குள் மரங்களில் கைவைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் அப்பகுதியார் நினைவிற்கொள்க. 2024-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நீர்நிலை அது.

செங்கற்பொடியும் மணலும் கலந்த தூள்கள் பல்லை வெண்மையாக்குவது போல் தோன்றும். உண்மையில் எனாமலை அராவி எடுக்கின்றன. தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. அடுப்புக்கரியும் பொடி நறநறப்பாக இருப்பின் அவ்வாறே. புகையிலைத் தூள் இவை எல்லாவற்றிலும் கொடியது. அது பல்வலியை மரக்கச் செய்வதால் மருந்தென்று மயங்குகின்றனர். நாளடைவில் பல் துலக்குதல் என்னும் பெயரில் புகையிலைக்கே அடிமையாகின்றனர். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-இல் தடை செய்தது. வாயில் வெண்திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ கண்டால், வலி இல்லையென்று வாளாவிருத்தல் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். புற்றுநோய் பெரும்பாலும் வலியின்றியே தொடங்குகிறது.

குச்சியால் ஆகாதது

எனாமலை அமிலத்துக்கு எதிராக உறுதிப்படுத்தும் ஃபுளோரைடு பற்பசையில் சேர்க்கப்படுகிறது. பத்து இலட்சத்தில் 1000 பங்கு என்பது வழக்கமான அளவு. வேப்பங்குச்சியிலோ ஆலம்விழுதிலோ அந்த அளவு ஃபுளோரைடு கிடையாது. ஆதலின், காலையில் குச்சியும் இரவில் உறங்கு முன் பிரஷும் பற்பசையும் என்று இரண்டையும் கொள்வது மிகச் சிறந்த ஏற்பாடு. இரவில் உமிழ்நீர் குறைவதால் அமிலத்தின் ஆட்சி அப்போதே மிகுதி. நம் சிற்றூர்களில் காலையில் பல் துலக்காதார் இலர். இரவில் துலக்குவோரோ அரியர். பற்பசை வாங்க இயலாதவர் இரவிலும் ஒரு குச்சியைக் கொள்ளலாம். அதற்குக் காசு வேண்டுவதில்லை.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் குச்சியைக் கொடுக்கலாகாது. சிம்பு தொண்டையில் சிக்கக்கூடும். மூன்று வயதுவரை அரிசியளவு பற்பசையும், அதன்பின் பட்டாணியளவும் போதும். தாயாரே துலக்கிவிடுதல் நலம்.

பல்லில் பழுப்புக் கோடும் வெண்சுண்ணத் திட்டும் காண்பது சொத்தையன்று, தேய்த்தாலும் போகாது. எட்டு வயதுக்குள் குடித்த நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததன் அடையாளம் அது. சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் இக்கேடு நெடுநாளாக அறியப்பட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அந்நீர் குடிப்பதற்கு ஏற்றதன்று. ஆழ்குழாய்க் கிணற்று நீரையே குடிக்கும் ஊரார், ஊராட்சி வாயிலாகக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொள்ளலாம். விழுந்த சொத்தையையும் படிந்த காரையையும் எந்தக் குச்சியும் நீக்காது. அதற்குப் பல் மருத்துவரே வேண்டும்; அரசு மருத்துவமனைகளில் அப்பிரிவு உண்டு. அரியலூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுள்ளது.

மரம் உண்டாயின் குச்சி உண்டு

சோழகங்கம் முதலாகச் சிற்றூர்க் குட்டைகள் ஈறாக இவ்விரு மாவட்டங்களிலும் நீர்நிலைகள் பல. 1981-இல் சுவீடன் நாட்டு உதவியுடன் தமிழ்நாட்டில் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உள்வாய்களில் கருவேலம் பெருமளவில் நடப்பட்டது. வெட்டி ஏலம் விட்ட பின் அவ்விடங்களில் பலவற்றைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அயல் தாவரங்களை அகற்றி நாட்டு மரங்களை மீட்பதற்கென 2022-இல் தமிழ்நாடு அரசு தனிக்கொள்கை வகுத்துள்ளது. புதரை வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டால் அடுத்த மழையில் அதுவே மீண்டும் தழைக்கும். வெட்டிய கையோடு நாட்டு மரத்தை ஊன்றவேண்டும்.

கருவேல விதையின் தோல் கடினமானது. அப்படியே ஊன்றினால் முளைக்க நாளாகும். ஆடு தின்று கழித்த விதை விரைவில் முளைக்கும். ஆட்டுப்பட்டியைப் பெருக்கினால் வேண்டுமட்டும் கிடைக்கும். வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிர்கிறது. அதன் விதை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழப்பதால் பொறுக்கிய உடனே சதை நீக்கி ஊன்றிவிட வேண்டும். ஆலுக்கு விதை தேட வேண்டுவதில்லை. கைப்பருமனுள்ள போத்தை வெட்டி, ஐப்பசி மழையில் ஏரிக்கரையின் வெளிச்சரிவுக்கு அப்பால் நட்டால் வேர்பிடிக்கும். கரையின் மேலேயே நட்டால் வேர் கரையைப் பிளந்துவிடும். ஆடு மேயும் உயரத்தைத் தாண்டும்வரை மூன்றாண்டுகள் முள்வேலி காவலாக இருக்கட்டும். அதற்கு, வெட்டிய சீமைக்கருவேல முள்ளே போதும்.